சமன்பாட்டுக்குள் ஓடும் ரயில்

வகைக்கெழுச் சமன்பாடுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோருக்குப் பாண்டோகிராஃப் சமன்பாடு புதிதன்று. நம் நாட்டிலிருந்தே ஆண்டுதோறும் அதைப் பற்றிய கட்டுரைகள் வெளிவருகின்றன. பெரும்பாலானவற்றின் முன்னுரையில், மின்சார ரயிலோடு தொடர்புடைய சமன்பாடு இது என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியில் ரயில் மறைந்துவிடும். பல்லுறுப்புக்கோவைகளும் பிழை அட்டவணைகளும் தொடங்கிவிடும். அந்த ரயிலைச் சற்றே நிறுத்திப் பார்க்கலாம் என்பதே இப்பதிவின் நோக்கம்.

ஆலன் டெய்லர் (1931-1995) ஆக்ஸ்ஃபோர்டில், செயின்ட் கேத்தரின் கல்லூரியைச் சார்ந்து பணியாற்றிய பயன்பாட்டுக் கணிதவியலர். பாய்ம இயக்கவியலில் வேரூன்றியவர். 1968-இல் எண்சார் பகுப்பாய்வு அறிஞர் லெஸ்லி ஃபாக்ஸுடன் இணைந்து அவர் தொடங்கிய முயற்சிதான் தொழில்துறையுடனான ‘ஸ்டடி குரூப்’. ஏற்பாடு மிக எளியது. வாரத் தொடக்கத்தில் தொழிற்சாலைப் பொறியாளர்கள் வந்து தங்கள் சிக்கல்களைக் கரும்பலகையின் முன் விவரிப்பார்கள். கணிதவியலரும் மாணவரும் விரும்பிய சிக்கலோடு வாரம் முழுவதும் மல்லுக்கட்டுவார்கள். இறுதி நாளில் கிடைத்தது எதுவாயினும், அரைகுறை விடையாயினும், அவையில் வைப்பார்கள். பேராசிரியரின் ஊகம் தவறென்று ஒரு முதலாண்டு ஆய்வு மாணவர் காட்டிவிடக்கூடிய இடம் அது. நம் துறைக் கருத்தரங்குகளில் அமர்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பிரிட்டிஷ் ரயில்வேயின் சிக்கல் அத்தகைய சூழலில்தான் ஆராயப்பட்டது. ரயிலின் கூரைமேல் உள்ள பாண்டோகிராஃப், மேலே செல்லும் மின்கம்பியை இடைவிடாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேகம் கூடும்போது தொடர்பு விட்டுவிட்டு அறுந்து தீப்பொறி பறக்கிறது. எங்கே, ஏன்?

கம்பியை இழுத்துக் கட்டிய நாணாகக் கொள்வோம். பாண்டோகிராஃப் அதைத் தள்ளும்போது இருபுறமும் அலைகள் கிளம்புகின்றன. கம்பியின் ஒரு தாங்கியைக் கடந்து ரயில் செல்கிறது. பின்னோக்கிச் சென்ற அலை அத்தாங்கியில் மோதித் திரும்பி ரயிலைத் துரத்திப் பிடிக்கிறது. அலையின் வேகம் ரயிலின் வேகத்தைப்போல் 5 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியைக் கடந்து 2 அலகு நேரத்தில் எழுந்த அலை, 3-ஆம் அலகில் ரயிலை எட்டும். 4-இல் எழுந்தது 6-இல் எட்டும். தாமதம் மாறிலியாக நிற்காமல் நேரத்தோடு வளர்கிறது. ஆனால் விகிதம் எப்போதும் மூன்றில் இரண்டு. ஓர் அளவின் மாறுவீதம், அதன் தற்போதைய மதிப்பையும் நேரத்தின் ஒரு பின்னத்தில் அதற்கிருந்த மதிப்பையும் சார்ந்திருக்கும் அந்த விசித்திரமான சமன்பாட்டின் இயற்பியல் இவ்வளவுதான்.

ஜான் ஓக்கென்டனும் டெய்லரும் இதனை 1971-இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில் ஃபாக்ஸ், மேயர்ஸ் ஆகியோருடன் இணைந்து சமன்பாட்டை மட்டும் தனியே ஆராய்ந்தனர். அதே ஆண்டிலேயே டோசியோ காட்டோவும் மெக்லியடும் தீர்வுகளின் நெடுங்கால நடத்தையை விரிவாக நிறுவினர். கர்ட் மாலர் 1940-இல் எண்கோட்பாட்டின் வழியே இதன் உறவுச் சமன்பாடு ஒன்றை அடைந்திருந்தார். எனினும் நிலைத்தது ரயில் கொடுத்த பெயர்தான். தூய கணிதம் கனிந்து பிறகு பயன்பாட்டுக்கு இறங்கிவரும் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கதை இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது.

1986-இல் வெளிவந்த டெய்லரின் பயன்முறை இயக்கவியல் நூலும் இவ்வகையே. அதன் தலைப்பில் முன்நிற்கும் சொல் ‘மாதிரிகள்’. ஐரோப்பியத் தொழில்துறைக் கணிதக் கூட்டமைப்பை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் ஒரு வாரம் பொறியாளரோடு அமர்ந்து, எந்த உறுப்பைச் சமன்பாட்டில் விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் உழைப்புக்கு நம் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல்களில் எந்தக் கட்டத்தில் இடம் கிடைக்கும்? ஆறு கட்டுரைகளாக நறுக்கினால் ஒருவேளை கிடைக்கலாம்.

இச்சமன்பாட்டில் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் அந்த முதல் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டுகிறேன். நாம் நேரம் பூச்சியம் என்று எழுதி, தொடக்க மதிப்பு ஒன்று என்று பழக்கத்தால் கடந்துவிடுகிறோம். அந்தப் பூச்சியம், பாண்டோகிராஃப் தாங்கியின் அடியில் கடந்துசெல்லும் கணம்.