பயிற்சிக்கு ஆள் எடுத்த முறை

1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளியைத் தொடங்கியபோது அதில் எட்டு மாணவர்கள் சேர்ந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் தேவைப்பட்டது. பையன்களைச் சேர்த்து, தானே கற்றுக்கொடுத்து, தன் பணியிலேயே அமர்த்திக்கொண்டது. அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகும் பொறியியல் படித்தவர் எதிர்பார்த்திருந்தது பொதுப்பணித் துறையை, மின்வாரியத்தை, ரயில்வேயை. உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்காக 1945-இல் தோன்றிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பின்னர் எல்லோருக்கும் திறந்தன. அங்கே பெயரைப் பதிந்துவிட்டுப் பதிவு மூப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போனது. நிறுவனமே கல்லூரிக்கு வந்து ஆள் எடுப்பது அன்று பெயர்பெற்ற சில கல்லூரிகளுக்கு மட்டுமே வாய்த்தது. 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. தொண்ணூறுகளில் மென்பொருள் சேவை நிறுவனங்கள் வளர்ந்தன. இவ்விரண்டும் சேர்ந்த பிறகே கேம்பஸ் இன்டர்வியூ பரவலான அனுபவமாயிற்று.

இந்த முறை எதற்காக உருவானது என்பதை மறந்துவிட்டதால்தான் இன்று டேட்டா சயின்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பதில் தடுமாறுகிறோம் என்பது என் வாதம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பெரும்பாலும் ஆள் கணக்கில் விலை பேசிய தொழில் மென்பொருள் சேவை. 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிழையைத் திருத்தும் வேலை அந்தத் தேவையை இன்னும் பெருக்கியது. சிவில், மெக்கானிக்கல், இ.சி.இ. என்று பிரிவு பாராமல் எடுத்தார்கள். புரோகிராமிங்கை மைசூரிலும் திருவனந்தபுரத்திலும் அமைத்த பயிற்சி வளாகங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே ஒருவருக்கு வேலை தெரியுமா என்று கல்லூரியில் யாரும் பார்க்கவில்லை. சில மாதப் பயிற்சியில் பிடித்துக்கொள்வாரா என்றே பார்த்தார்கள். ஆப்டிடியூட், ஜி.டி. எனப்படும் குழு விவாதம், டெக்னிக்கல், எச்.ஆர். என்ற வரிசையும், பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் அறுபது சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் அந்த நோக்கத்துக்கு ஏற்ற சல்லடைகள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்து முடிக்க அவை போதுமானவையாக இருந்தன.

இந்த முறையைக் குறை சொல்லும்போது அது செய்த நன்மையை மறைக்கக் கூடாது. சிபாரிசு இல்லாமல், அப்பா யாரென்று கேட்காமல், சிற்றூரிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி கையில் ஆஃபர் லெட்டர் வாங்கியது சிறிய மாற்றமல்ல. ஒரு சம்பளத்தில் தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து, கடனை அடைத்து, வீடு கட்டிய குடும்பங்கள் ஏராளம். ஆனால் அந்தச் சமவாய்ப்பு கட்-ஆஃப் தாண்டியவர்களுக்குத்தான். பதினைந்து வயதில் வாங்கிய மதிப்பெண், இருபத்தொரு வயதிலும் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அது பெரும்பாலும் அவர் படித்த பள்ளியின் கதை. ஆங்கிலத்தில் நடக்கும் ஜி.டி.யும் அதே கதையை வேறு விதமாகத் தொடர்கிறது.

'டேட்டா சயின்டிஸ்ட்' என்ற பதவிப் பெயர் 2008 வாக்கில் அமெரிக்க இணைய நிறுவனங்களில் புழக்கத்துக்கு வந்தது. 2012-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ கட்டுரை ஒன்று அதை உலகெங்கும் கவர்ச்சியான வேலையாக்கியது. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. டேட்டா சயின்ஸுக்கான இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் பிரிவும் பரவியது. படிப்பு புதிது, சல்லடை பழையது. விளைவை ரெஸ்யூமேக்களில் பார்க்கலாம்: டைட்டானிக் பயணிகளில் யார் பிழைத்திருப்பார் என்ற கணிப்பும், ஃபிஷர் 1936-இல் பயன்படுத்திய ஐரிஸ் பூ அளவுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. இவை சுத்தம் செய்யப்பட்ட, விடை தெரிந்த தரவுகள். உண்மையான வேலையோ கேள்வியே தெளிவில்லாத இடத்தில் தொடங்குகிறது. விற்பனைப் பட்டியலில் காலியாக இருக்கும் கட்டத்துக்கு, அன்று விற்பனையே இல்லை என்று பொருளா, யாரும் பதியவில்லை என்று பொருளா? இதை யோசிப்பவரைக் கோடிங் தேர்வு தனியே அடையாளம் காட்டாது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்களை மட்டுமே எடுத்துவிட்டு, எடுத்தவர்களின் பணித்திறனைப் பார்த்து அந்த விதி சரியென்று முடிவு கட்ட முடியாது. விலக்கப்பட்டவர்கள் எப்படிச் செய்திருப்பார்கள் என்ற தகவல் நம்மிடம் இல்லை. தேர்ந்தெடுத்த கூட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே என்பது புள்ளியியல் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் எச்சரிக்கை. அதை அறிந்தவர்களைத் தேடும் நிறுவனமே, தேடும் விதத்தில் அதைக் கைவிடுகிறது.

ஆயிரம் பேரை வேறு எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. பெருந்தொகையாக ஆள் எடுக்கும் சேவை வேலைகளுக்குப் பழைய முறையே தொடரட்டும். ஒரு கல்லூரியில் ஐந்தாறு பேரை மட்டும் எடுக்கும் டேட்டா சயின்ஸ் வேலைக்கு அந்த அவசரம் எதற்கு? இன்டர்ன்ஷிப் மூலம் எடுக்கலாமே என்றால், அது நகரத்தில் தங்கச் செலவு செய்ய முடிந்தவருக்கே சாதகம் என்ற மறுப்பு எழும். அதுவும் உண்மைதான். ஆனால் இறுதி செமஸ்டர் புராஜெக்ட் ஏற்கெனவே பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு நிறுவனம் தன் ஒழுங்கற்ற தரவில் பெயர்களை நீக்கிவிட்டு ஒரு பகுதியைக் கொடுக்கலாம். மாணவர் தன் கல்லூரியிலிருந்தே வேலை செய்யட்டும். எந்த முடிவை ஏன் எடுத்தார் என்று கடைசியில் ஒரு மணி நேரம் தமிழிலோ ஆங்கிலத்திலோ நிறுவனம் அவரிடம் கேட்கட்டும்.