ஒன்பதுக்கு நாலரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பொது வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்ததே இல்லை. ‘திருவிதாங்கூரில் இருக்கிறீர்களா, தாய்த் தமிழகத்தோடு சேருகிறீர்களா?’ என்று எந்த அரசும் இங்குள்ளவர்களைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு மக்கள் வலியப் போய்ப் பதில் சொன்னார்கள். தேர்தல் வந்தபோதெல்லாம் சொன்னார்கள். அந்தப் பதிலில் ஒரு பாதி மட்டும் டெல்லியின் காதில் விழுந்தது. தெற்கெல்லைப் போராட்டத்தின் கதையில் விழுந்த பாதியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். விழாத பாதிக்கு என்ன ஆயிற்று என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1945 டிசம்பரில் சாம் நத்தானியேல் முதலானோர் நாகர்கோவிலில் தொடங்கிய அமைப்பு, அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. பள்ளியாடியில் பிறந்து நாகர்கோவிலில் வக்கீல் தொழில் பார்த்த நேசமணி 1947இல் உள்ளே வந்தார். அதன்பின் கட்சி வேறு, அவர் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று. அந்த ஆண்டுதான் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரைத் தனி நாடாக அறிவித்தார். ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் வெட்டுப்பட்டார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார். தனி நாடு கேட்ட சமஸ்தானத்துக்குள்ளேயே, ‘உங்கள் நாடும் வேண்டாம், உங்கள் மாநிலமும் வேண்டாம்’ என்று ஓர் இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது.

1948 பிப்ரவரித் தேர்தல்தான் முதல் கணக்கெடுப்பு. மொத்தம் 120 இடங்கள். திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசுக்கு 97, முஸ்லிம் லீகுக்கு 9, தமிழ்நாடு காங்கிரசுக்கு 14. மாநில அளவில் பார்த்தால் தூசு. தமிழ்ப் பகுதியில் பார்த்தால் ஏறக்குறைய முழு வெற்றி. ‘இது நாடார் கட்சி’ என்று எதிர்த்தரப்பு ஓயாமல் சொல்லிவந்தது. அதில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கொதித்த அளவுக்குத் தோவாளையின் வயல்காட்டு ஊர்கள் முதலில் கொதிக்கவில்லை. நாஞ்சில் வெள்ளாளரில் பலர் ஸ்டேட் காங்கிரஸ் பக்கமே நின்றார்கள். இயக்கம் சாதி வரப்பைத் தாண்டி வர ஆண்டுகள் பிடித்தன.

1949இல் கொச்சியும் சேர்ந்து திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம் பிறந்தது. 1952 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே இடங்கள். ஆனால் 108 பேர் கொண்ட சபையில் காங்கிரசுக்கு 44தான். ஏ.ஜே. ஜான் அமைச்சரவை இந்த எட்டுப் பேரின் தயவில் நின்றது. 1953இல் அவர்கள் கையை எடுத்ததும் விழுந்தது. 1954இல் எட்டு பன்னிரண்டானது. எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் இடம் பார்த்து நிற்கத் தெரிந்த கட்சி அது.

இந்தமுறை ஆட்சிக்கு வந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. 117 பேர் சபையில் 19 பேரை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் ஆதரவில் முதலமைச்சரானார். அவர் ஆட்சியில்தான் போராட்டம் மலைமேல் ஏறியது. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மீது போலீஸ் கெடுபிடி நடப்பதாகச் சொல்லி, நேசமணியும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாத நாடாரும் 1954 ஜூலையில் தடையை மீறி மூணாறுக்குப் போய்க் கைதானார்கள். அதன் எதிரொலி சமவெளியில் கேட்டது. ஆகஸ்ட் 11 ‘விடுதலை நாள்’ என்று அறிவிக்கப்பட்டது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் இயக்கத்தாரின் கணக்கும் ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. இன்றைக்குப் புதுக்கடையில் தியாகிகளுக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

புதுக்கடைக் குண்டு ஓர் அகில இந்தியக் கட்சியையும் துளைத்தது என்பது பலருக்கு நினைவில்லை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். சொந்த மக்களைச் சுட்ட ஆட்சி விலக வேண்டும் என்று அங்கிருந்தே தம் கட்சி முதலமைச்சருக்குத் தந்தி அடித்தார். பட்டம் விலகவில்லை, கட்சியும் லோகியா பக்கம் நிற்கவில்லை. 1955இன் கடைசியில் அவர் தனிக் கட்சி கண்டார். சோஷலிஸ்ட் இயக்கம் பிளந்ததற்குக் காரணம் சொல்பவர்கள் பத்துக் காரணம் சொல்வார்கள். அதில் ஒன்று விளவங்கோடு தாலுகாவில் இருக்கிறது.

தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்பது தாலுகாக்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். பசல் அலி தலைமையில் குன்சுருவும் கே.எம். பணிக்கரும் அடங்கிய மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30இல் அறிக்கை தந்தது. தெற்கே நான்கும் செங்கோட்டையும் சென்னைக்கு, மற்றவை கேரளத்துக்கு. பிறகு செங்கோட்டையும் பாதியாக வெட்டப்பட்டது. ஆரியங்காவு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஆக, ஒன்பதுக்கு நாலரை.

ஆணையத்தின் வாதம்தான் இங்கே கவனிக்கத்தக்கது. தேவிகுளத்தில் தமிழர் சுமார் 72 சதவீதம், பீர்மேட்டில் 44 என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. தேவிகுளம் வாக்காளர்கள் தமிழ்நாடு காங்கிரசைத் தேர்ந்தெடுத்ததும் அதற்குத் தெரியும். ஆனால் இந்தப் பெரும்பான்மை தோட்டத்துக்குக் கூலிவேலைக்கு வந்து போகிறவர்களால் உண்டானது. ஆகவே அதை வைத்து எல்லையைத் தீர்மானிக்க முடியாது என்றது. வயல் வைத்திருப்பவன் ஊர்க்காரன், தேயிலை கிள்ளுகிறவள் வழிப்போக்கி. கல்குளத்துக்குச் செல்லுபடியான வாக்கு தேவிகுளத்துக்குச் செல்லவில்லை. பணிக்கர் மலையாளி என்பதை இன்றும் மேடையில் சொல்கிறார்கள். அறிக்கை மூவரும் கையெழுத்திட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீரும் ஏலமும் தேயிலையும் மின்சாரமும் இருந்த மலை அது. தாலுகாக்களை விட்டுக்கொடுத்தது பற்றிய கோபம் கேரளத்திலும் குறைவில்லை.

1956 நவம்பர் 1. நாகர்கோவிலில் கொண்டாட்டம். தமிழ்நாடு காங்கிரஸ் என்ற கட்சிக்கு அன்றோடு வேலை முடிந்தது. 1957 தேர்தலுக்குள் அதன் பெரும்பகுதி காங்கிரசில் கரைந்துவிட்டது. நேசமணி கிள்ளியூரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று சட்டசபைக்குப் போனார். குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமன், காமராஜர் அமைச்சரவையில் இடம்பெற்றார். தேவிகுளம், பீர்மேடு கேட்டுக் காமராஜர் போதிய அழுத்தம் தரவில்லை என்பது இந்த மாவட்டத்தில் நெடுநாளைய மனக்குறை. அந்தக் காமராஜர் 1967இல் விருதுநகரில் தோற்றார். நேசமணி 1968இல் மறைந்ததால் காலியான நாகர்கோவில் மக்களவைத் தொகுதிதான் 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராஜரை டெல்லிக்கு அனுப்பியது. மனக்குறை வேறு, ஓட்டு வேறு.

உலகத்தில் தோற்ற இயக்கங்களின் கதை பெரும்பாலும் வேறு மாதிரி. கோவாவில் 1967 ஜனவரி 16இல் கருத்துக் கணிப்பு வாக்கெடுப்பு நடந்தது. மகாராஷ்டிரத்தோடு சேர 1,38,170 பேர், சேராமல் யூனியன் பிரதேசமாக இருக்க 1,72,191 பேர். இணைப்பு கேட்ட மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி தோற்றது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் அந்தக் கட்சியே வென்று, பண்டோட்கர் மறுபடி முதலமைச்சரானார். ஸ்காட்லாந்தில் 2014இல் 55க்கு 45 என்று தோற்ற விடுதலைக் கட்சி, எட்டே மாதத்தில் அங்குள்ள 59 பாராளுமன்ற இடங்களில் 56ஐ அள்ளியது. தோற்றவர்கள் ஒன்றாக நின்று தோற்றதால் அப்படி. இங்கே தலைவர்களின் ஊர் ஜெயித்தது. தோற்றது தொண்டர்களின் மலை. நாகர்கோவில் வக்கீல்களுக்கும் விளவங்கோட்டு விவசாயிகளுக்கும் போராட இனி காரணம் இல்லை. மலைமேல் இருந்தவர்களுக்குக் காரணம் இருந்தது, கட்சி இல்லை.

ஜெயித்த பக்கத்திலும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அது போகட்டும், வேடிக்கை பார்க்கிற விஷயம். நெய்யாறு இடதுகரைக் கால்வாய் அப்படியல்ல. விளவங்கோடு வயல்களுக்கு வந்த தண்ணீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

மலையில் என்ன நடந்தது? இணைப்புக் கட்சி போன இடத்தில் கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். 1957இல் தேவிகுளத்தில் வென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ். வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வர, 1958இல் இடைத்தேர்தல். அதில் தமிழ்த் தொழிலாளர்களிடையே மேடை மேடையாகப் பாடி வாக்குக் கேட்டவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா மறுபடி வென்றார். நான்கு வருடத்துக்கு முன் மாநிலம் மாற ஓட்டுப் போட்ட லயன் வீடுகள் இப்போது திருவனந்தபுரத்துக் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் காப்பாற்ற ஓட்டுப் போட்டன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானது. தேவிகுளம் தொகுதியிலிருந்து தமிழர்களே சட்டசபைக்குப் போகிறார்கள். 2021இல் அங்கு வென்ற ஏ. ராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார்.

பழைய கோரிக்கை ஒருமுறை தலைதூக்கியது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை விவகாரம் முற்றி, கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் குமுளியை நோக்கித் திரண்டபோது, தேவிகுளம், பீர்மேட்டைத் தமிழ்நாட்டோடு சேர் என்ற குரல் மீண்டும் எழுந்தது. அது தேனிப் பக்கத்துக் குரல், அணைத் தண்ணீர் கேட்டவர்களின் குரல்.

மலைக்காரர்களின் சொந்தக் குரல் 2015 செப்டம்பரில் கேட்டது. மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், கம்பெனியையும் தங்கள் தொழிற்சங்கங்களையும் ஒருசேர எதிர்த்து ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அரசியல்வாதிகளைக் கிட்டே அண்டவிடவில்லை. அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் எந்த மாநிலமும் இல்லை. கேட்டது 20 சதவீத போனசும் நாளுக்கு 500 ரூபாய் கூலியும். போனஸ் அந்த மாதமே கிடைத்தது. 232 ரூபாயாக இருந்த கூலி, அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 301 ஆனது.