வெண்ணெய்க்கு வந்த வரி

2011-ம் வருடம், செப்டம்பர் மாதக் கடைசி. டென்மார்க் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒரு வினோதமான காட்சி. வெண்ணெய் அடுக்கி வைக்கிற தட்டுகள் காலி! ஜனங்கள் பை நிறைய வெண்ணெய் வாங்கிப்போய் வீட்டு ஃப்ரீஸரில் பதுக்கிக்கொண்டிருந்தார்கள். பஞ்சமா? இல்லை. போரா? அதுவும் இல்லை. அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து கொழுப்புக்கு வரி!

ஆமாம், கொழுப்புக்கேதான். நிறைவுற்ற கொழுப்புக்கென்று தனியாக வரி போட்ட உலகின் முதல் நாடு டென்மார்க். வெண்ணெய், சீஸ், இறைச்சி, சமையல் எண்ணெய் எதுவாக இருந்தாலும் சரி, அதில் நிறைவுற்ற கொழுப்பு 2.3 சதவிகிதத்தைத் தாண்டினால் வரி உண்டு. அந்தக் கொழுப்பு கிலோவுக்கு 16 குரோனர். அதன் தலையில் 25 சதவிகித வாட் வேறு! பி.காம். படித்த எனக்கே பேப்பர், பென்சில் தேவைப்பட்டது. கால் கிலோ வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 130 கிராம். வரியும் வாட்டும் சேர்ந்து ஏறக்குறைய 2.60 குரோனர் கூடுதல்.

நோக்கம் நல்லதுதான். பக்கத்து நாடான ஸ்வீடன்காரர்களைவிட டென்மார்க்காரர்களின் சராசரி ஆயுள் குறைவு. பத்து வருடத்தில் அதை மூன்று வருடம் கூட்டியாக வேண்டும் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. ஆனால், கை வைத்த இடம்தான் வெண்ணெய்!

வெண்ணெய் அவர்களுக்கு எப்படி என்று தெரியுமா? அவர்களுடைய பிரபலமான மதியச் சாப்பாட்டின் பெயரே ‘ஸ்மரப்ரோ’. அப்படியென்றால் ‘வெண்ணெய் ரொட்டி’. கடித்தால் பல் தடம் பதிகிற அளவுக்கு ரொட்டியில் கனமாக வெண்ணெய் தடவுவதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ‘பல் வெண்ணெய்’ என்று அர்த்தம்!

இதே வெண்ணெய் விஷயத்தில் இதே நாட்டு அரசாங்கம் இதற்கு முன்பும் ஒருமுறை தலையிட்டிருக்கிறது. ஆனால், நேர் எதிர்த் திசையில்.

1882-ல் யெட்டிங் என்ற ஊரில் விவசாயிகள் கூட்டுறவுப் பால் பண்ணை ஒன்றை ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து நாடு முழுக்கக் கூட்டுறவுகள் முளைத்தன. வெண்ணெய் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. காசு வந்தது. சரி, உள்ளூர் ஏழைகள் என்ன சாப்பிட்டார்கள்? மார்கரின்! பால்? வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற ஆடையில்லாத பால்.

முதல் உலகப்போர் சமயத்தில், கோபன்ஹேகனில் கார்ல் ப்ளாக் என்ற குழந்தைகள் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஏழைக் குழந்தைகள் கண் வறண்டு, புண்ணாகி, பார்வை போய் வந்தார்கள். காரணம், நாம் இன்று வைட்டமின் ஏ என்று சொல்கிற சத்து சாப்பாட்டில் இல்லாதது. மீன் எண்ணெயும் ஆடை எடுக்காத பாலும் கொடுத்தால் குணம் தெரிந்தது.

1917-ல் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடல் வழியை மறித்தன. மார்கரின் செய்வதற்கான எண்ணெய் வரத்து நின்றது. வெண்ணெய் ஏற்றுமதியும் படுத்தது. அரசாங்கம் என்ன செய்தது? வெண்ணெயை ரேஷனில் கொண்டுவந்தது. தலைக்கு வாரம் கால் கிலோ, ஏழைக்கும் கட்டுப்படியாகிற விலையில். 1918-ல் அந்தக் கண் நோய் கிட்டத்தட்டக் காணாமலே போனது! ஊருக்கெல்லாம் வெண்ணெய் செய்துகொடுத்த நாட்டில், அதன் குழந்தைகளுக்கு வெண்ணெய் கிடைக்க ஒரு போர் வரவேண்டியிருந்தது.

அடுத்த தலையீடு 2003-ல். இந்த முறை குறி, டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அரைகுறையாக இறுக வைக்கும்போது உருவாகிற சமாசாரம் இது. நம்ம ஊர் வனஸ்பதி செய்கிற அதே வித்தைதான். பிஸ்கட், கேக், பொரித்த சிப்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் ஒளிந்துகொண்டு, இதய ரத்தக் குழாய்களுக்கு உலை வைக்கும். ஸ்டீன் ஸ்டெண்டர் என்ற மருத்துவர் உள்ளிட்ட சிலர் இதற்கு எதிராக விடாமல் குரல் கொடுத்தார்கள். கொழுப்பில் 2 சதவிகிதத்துக்கு மேல் ஆலைத் தயாரிப்பான டிரான்ஸ் கொழுப்பு கூடாது என்று சட்டமே வந்தது. வெண்ணெயிலும் பாலிலும் இயற்கையாகவே இருக்கிற கொஞ்சத்தை அந்தச் சட்டம் தொடவில்லை.

கலாட்டா ஏதாவது நடந்ததா? ஒன்றுமே இல்லை! கம்பெனிகள் சத்தமில்லாமல் எண்ணெயை மாற்றின. கேக்கின் ருசி மாறியதாக யாரும் புலம்பவில்லை. பிற்பாடு ஸ்டெண்டர் குழுவினர் பல நாடுகளில் ஒரே பெயர்ப்பலகை மாட்டிய துரித உணவுக் கடைகளில் வறுவல்களை வாங்கிச் சோதித்தார்கள். சில நாடுகளில் டிரான்ஸ் கொழுப்பு எக்கச்சக்கம். டென்மார்க்கில் பேருக்குத்தான் இருந்தது.

இப்போது 2011-க்குத் திரும்புவோம். வெண்ணெய் வரி வந்ததும் ஜனங்கள் என்ன செய்தார்கள்? சிலர் விலை மலிவான கடைக்கு மாறினார்கள். சிலர் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஜெர்மனிக்கே போனார்கள். பீர் வாங்க ஏற்கெனவே போய்ப் பழகிய பாதைதானே! பண்ணைக்காரர்களும் கடைக்காரர்களும் வேலை போகிறது, கணக்கு எழுதியே மாளவில்லை என்று கொதித்தார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்களில் வெண்ணெய், எண்ணெய் வகைகளின் விற்பனை 10 முதல் 15 சதவிகிதம் வரை குறைந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால், சம்பளத்தில் பெரும் பங்கைச் சாப்பாட்டுக்கே செலவழிப்பவர் யார்? ஏழைதானே! பணக்காரருக்கு 2.60 குரோனர் உறைக்கவே உறைக்காது.

2013 ஜனவரி 1-ம் தேதி வரியைத் தூக்கிவிட்டார்கள். ஆயுசு பதினைந்தே மாதம்! கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க வருமான வரியில் கொஞ்சம் கூட்டினார்கள் என்பது உபரித் தகவல்.

நம் பக்கத்திலும் இரண்டும் நடந்திருக்கின்றன. 2016-ல் கேரள அரசு, பிராண்ட் உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவிகிதம் ‘கொழுப்பு வரி’ போட்டது. தட்டுக்கடை பரோட்டாவுக்கும் தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸுக்கும் அந்த வரி இல்லை. மறுவருடம் ஜி.எஸ்.டி. வந்ததும் அது கரைந்துபோனது. இன்னொரு பக்கம், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் டிரான்ஸ் கொழுப்பின் உச்சவரம்பை 2021-ல் 3 சதவிகிதமாகவும், 2022-ல் 2 சதவிகிதமாகவும் இறக்கியது. எத்தனை பேருக்கு இது தெரிந்தது? நம் வீட்டில் யாராவது முணுமுணுத்தோமா?

சமையலறை வரைக்கும் அரசாங்கம் வரலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான். என் கண்ணுக்குத் தெரியாமல் கம்பெனிக்காரர் கலக்குவதைத் தடுக்க, தாராளமாக வரட்டும். விலை எட்டாமல் ஒரு குழந்தைக்குப் பாலும் வெண்ணெயும் கிடைக்கவில்லையா, கட்டாயம் வரவேண்டும். ஆனால், நான் பார்த்து, முகர்ந்து, இது அதிகமானால் ஆகாது என்று தெரிந்தே தடவிக்கொள்கிற வெண்ணெய்? எச்சரிக்கை செய்யுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கத்தியை மட்டும் என் கையிலேயே விட்டுவிடுங்கள்.

நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை பிஸ்கட் பாக்கெட் வாங்கும்போது, முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். நெய் ஜாடி எதையும் ஒளிப்பதில்லை. ஒளிப்பதெல்லாம் பாக்கெட்தான்!