கிரீனம் காமன்: மாடுகள் திரும்பி வந்த ஓடுபாதை

இங்கிலாந்தில் பல இடப்பெயர்களின் வாலில் 'காமன்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். நம்மூரில் மந்தைவெளி என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காமனுக்கு உடைமையாளர் ஒருவர் இருப்பார். அவர் ஒரு பிரபுவாக இருக்கலாம், நகராட்சியாக இருக்கலாம். அதே நிலத்தில் மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் அக்கம்பக்கத்து வீட்டார் சிலருக்கு உரிமை இருக்கும். நிலம் யார் கைக்குப் போனாலும் அந்த உரிமை தானாக அழிந்துவிடாது. இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

லண்டனுக்கு மேற்கே, பார்க்ஷயரில் நியூபரி என்றொரு சந்தை நகரம். அதை ஒட்டிய சரளைக்கல் மேட்டில் கிரீனம் காமன் பரந்து கிடக்கிறது. உழவுக்கு உதவாத மண். ஹெதர் செடியும் முட்புதரும்தான் மண்டும். அதனால்தான் அது தலைமுறை தலைமுறையாக மேய்ச்சல் நிலமாகவே தப்பிப் பிழைத்தது. உழவனுக்கு ஆகாத அந்த மேட்டுச் சமவெளி விமானத்துக்கு வாகாக அமைந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த 1941இல் அரசு அதைக் கையகப்படுத்தியது. ஓடுபாதைகள் போடப்பட்டன. அமெரிக்க விமானப்படை வந்து இறங்கியது. மரப்பெட்டிகளில் கப்பலேறி வந்த கிளைடர்களின் உறுப்புகளைப் பக்கத்துக் குருக்கம் காமனில் வைத்துப் பூட்டினார்கள்.

1944 ஜூன் 5, மாலை. பிரான்ஸின் நார்மண்டிக் கரைமீதான படையெடுப்பு மோசமான வானிலையால் ஒருநாள் தள்ளிப்போயிருந்தது. இனியும் தள்ளமுடியாது என்று முடிவெடுத்த நேசநாடுகளின் தலைமைத் தளபதி ஐசனோவர், காரேறி கிரீனம் காமனுக்கு வந்தார். 101ஆவது வான்வழிப் படைப்பிரிவின் பாராசூட் வீரர்கள் முகத்தில் கரி அப்பிக்கொண்டு விமானமேறத் தயாராக நின்றார்கள். இவர்களில் பாதிப்பேரையாவது இழக்க நேரும் என்று அவருடைய விமானப்படைத் தளபதி லீ-மாலரி முன்னமே எச்சரித்திருந்தார். அதைக் கேட்டும் அனுப்பத் துணிந்த மனிதர்தான் அந்த முகங்களைப் பார்க்க வந்தார்.

அன்றெடுத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. கழுத்தில் 23 என்ற விமான எண் அட்டையோடு ஐசனோவர் எதிரில் நிற்பவர் லெப்டினன்ட் வாலஸ் ஸ்ட்ரோபல். அன்று அவருக்கு 22ஆவது பிறந்தநாள். எந்த ஊர் என்று ஐசனோவர் கேட்டார். மிச்சிகன் என்றார் ஸ்ட்ரோபல். பேச்சு மிச்சிகனின் மீன்பிடிப்புக்குத் திரும்பியது. சாவை நோக்கிப் புறப்படும் ஒருவனிடம் என்னதான் பேசமுடியும்? படையெடுப்பு தோற்றால் பழி முழுவதும் தன்னுடையதே என்று ஐசனோவர் தன் கைப்பட எழுதிய ஒரு குறிப்பும் அன்றே தயாராக இருந்தது. அதில் ஜூன் 5 என்று எழுதுவதற்குப் பதில் ஜூலை 5 என்று எழுதிவிட்டார். அவர் மனம் இருந்த நிலையை அந்த ஒரு பிழையே சொல்லிவிடுகிறது. இரவு பதினொரு மணி நெருங்கும்போது விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. லீ-மாலரி அஞ்சிய அளவுக்கு இழப்பு நேரவில்லை. ஸ்ட்ரோபல் உயிரோடு வீடு திரும்பினார்.

போர் முடிந்தது, தளம் மூடப்பட்டது. மாடுகள் மேட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் 1951இல் பனிப்போரின் பெயரால் அமெரிக்கர்கள் மீண்டும் வந்தார்கள். பி-47 குண்டுவீச்சு விமானங்களுக்காக 10,000 அடி நீளத்துக்குப் புதிய ஓடுபாதை எழுந்தது. 1958 பிப்ரவரியில் மேலெழும்பும்போதே கோளாறாகிப்போன ஒரு பி-47, தன் எரிபொருள் தொட்டிகளைக் கழற்றிவிட்டது. அவை தளத்துக்குள்ளேயே விழுந்து வெடித்ததில் இருவர் மாண்டனர். 1964இல் அமெரிக்கர்கள் புறப்பட்டுப் போக, தளம் பெரும்பாலும் தூங்கி வழிந்தது.

அந்தத் தூக்கம் 1980 ஜூனில் கலைந்தது. ஐரோப்பாவில் 464 குரூஸ் அணு ஏவுகணைகளை நிறுத்துவது என்று அதற்கு முந்தைய டிசம்பரில் நேட்டோ முடிவெடுத்திருந்தது. பிரிட்டனின் பங்கு 160. அதில் 96 கிரீனம் காமனுக்கு. லாரியில் ஏற்றி எங்கும் கொண்டுபோகக்கூடிய ஏவுகணைகள். சுமார் 2,500 கிலோமீட்டர் பாயக்கூடியவை. அவற்றுக்காக மண்ணும் கான்கிரீட்டும் போர்த்திய ஆறு பிரம்மாண்டக் கொட்டகைகள் எழுந்தன. கொட்டகைக்குப் பதினாறு ஏவுகணைகள்.

இந்த ஏவுகணைகளை எதிர்த்து 1981 ஆகஸ்ட் 27ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் கார்டிஃபிலிருந்து ஒரு சிறு கூட்டம் நடக்கத் தொடங்கியது. பெரும்பாலும் பெண்கள், சிலர் கைக்குழந்தைகளோடு. ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நடந்து செப்டம்பர் 5ஆம் தேதி கிரீனம் காமன் வாயிலை அடைந்தார்கள். தொலைக்காட்சி விவாதம் ஒன்றுதான் அவர்கள் கேட்டது. அது கிடைக்கவில்லை. நான்கு பெண்கள் வேலியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். இரவு தங்கினார்கள், மறுநாளும் தங்கினார்கள். அப்படித் தொடங்கிய தங்கல் 19 ஆண்டுகள் நீடித்தது.

கிளைகளை வளைத்து நட்டு, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திய குடில்களில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அதிகாரிகள் வந்து பிய்த்தெறிவார்கள். அன்று மாலையே குடில் மறுபடி எழும். வாயில்களுக்கு மஞ்சள், பச்சை, நீலம் என்று வண்ணங்களின் பெயர். 1982 டிசம்பர் 12 அன்று சுமார் 30,000 பெண்கள் கைகோத்து, 14 கிலோமீட்டர் வேலியை முழுவதுமாக வளைத்து நின்றார்கள். குழந்தையின் காலுறை, குடும்பப் புகைப்படம் என்று தங்களுக்கு அருமையானவற்றை முள்கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்து வந்த புத்தாண்டின் விடியற்காலையில் 44 பேர் ஏணி வைத்து வேலியேறிக் குதித்து, கட்டிக்கொண்டிருந்த ஏவுகணைக் கொட்டகையின் உச்சியில் வட்டமாக நின்று ஆடினார்கள். 36 பேர் சிறைக்குப் போனார்கள்.

இவ்வளவும் நடந்தும், 1983 நவம்பரில் ஏவுகணைகள் வந்து சேர்ந்தன. முகாம் கலையவில்லை. ஏவுகணை வண்டிகள் இரவில் பயிற்சிக்குப் புறப்பட்டால் தொலைபேசியில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் செய்தி பறக்கும். வழியெங்கும் விழித்திருப்பவர்கள் பின்தொடர்வார்கள். ரகசியமாக நாட்டுக்குள் மறைந்துபோவதுதான் அந்த ஆயுதத்தின் முழுப் பயனும். அதைத்தான் இவர்கள் கெடுத்தார்கள்.

வேலிக்குள் நுழைவதே குற்றம் என்று 1985இல் பாதுகாப்பு அமைச்சர் துணைவிதிகள் பிறப்பித்தார். அவற்றின்படி தண்டிக்கப்பட்டவர்களில் ஜீன் ஹட்சின்சன், ஜார்ஜினா ஸ்மித் இருவரும் விடாமல் மேல்முறையீடு செய்தார்கள். அவர்களுடைய வாதத்தில் அணு ஆயுதம் என்ற பேச்சே முக்கியமாக இல்லை. ராணுவ நிலங்களுக்கான 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது: அமைச்சர் பிறப்பிக்கும் துணைவிதி பொதுநில உரிமை எதையும் பாதிக்கக்கூடாது. கிரீனம் காமனிலோ மேய்ச்சல் உரிமைக்காரர்கள் இருந்தார்கள். ராணுவம் நிலத்தை வாங்கியிருந்ததே தவிர அந்த உரிமைகள் உயிரோடுதான் இருந்தன. அப்படியானால் மாட்டை ஓட்டிக்கொண்டு உள்ளே போகும் உரிமைக்காரரையும் சேர்த்துத் தடுக்கும் விதி எப்படிச் செல்லும்?

ரெடிங் நீதிமன்றம் ஏற்றது. அதற்கு மேல் நீதிமன்றம் மறுத்தது. 1990 ஜூலையில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பு சொன்னது. மேய்ச்சல் உரிமை இல்லாதவர்களுக்கு மட்டுமாவது விதி பொருந்தும் என்ற அரசின் வாதம் எடுபடவில்லை. அமைச்சர் தமக்கு இல்லாத அதிகாரத்தைக் கையாண்டுவிட்டார், துணைவிதி செல்லாது, இரண்டு பெண்களும் குற்றமற்றவர்கள். பிரிட்டிஷ் நிர்வாகச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். எனக்கோ அதில் தெரிவது வேறு. எப்போதோ வாழ்ந்த குடியானவர்கள் தங்கள் மாடுகளுக்காகக் காத்துவைத்த உரிமை, வல்லரசுகளின் ஆயுதக் கிடங்கு வாசலில் வந்து நின்று பேசியிருக்கிறது. இந்தத் தொடருக்காகப் படித்ததில் என்னை இந்த அளவுக்கு நெகிழவைத்தது வேறில்லை.

அதற்குள் உலகமும் மாறியிருந்தது. 1987 டிசம்பரில் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை அடியோடு ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சோவியத் ஆய்வாளர்கள் கிரீனம் காமனுக்கே நேரில் வந்து சரிபார்த்தார்கள். 1991 மார்ச்சில் கடைசி ஏவுகணை போனது. அடுத்த ஆண்டு அமெரிக்கர்களும் போனார்கள். ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது பெண்களா, தலைவர்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஏவுகணை விவகாரம் பத்தாண்டு காலம் யாருக்கும் மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டது அந்த முகாம் என்பதை மட்டும் எவரும் மறுக்கமுடியாது.

1997இல் ஓர் அறக்கட்டளை தளத்தை விலைக்கு வாங்கியது. கட்டடங்கள் இருந்த பகுதி தொழில் பூங்காவானது. அதன் வருமானம் உள்ளூர் அறப்பணிகளுக்குப் போகிறது. திறந்தவெளி ஒரே ஒரு பவுண்டுக்கு உள்ளாட்சி மன்றத்தின் கைக்கு வந்தது. ஓடுபாதையை உடைத்து அள்ளினார்கள். அந்தக் கான்கிரீட்டில் ஒரு பகுதி நியூபரி புறவழிச்சாலைக்குப் போனது. 2000 ஏப்ரலில் பொதுநிலம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு கடைசிப் பெண்களும் முகாமைக் கலைத்தார்கள். மேய்ச்சல் உரிமைகளை உறுதிசெய்ய 2002இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. மஞ்சள் வாயில் அருகே முகாமின் நினைவாக ஒரு தோட்டம் இருக்கிறது. 1989இல் அங்கே சாலையில் போலீஸ் வாகனம் மோதி இறந்த 22 வயது வேல்ஸ் பெண் ஹெலன் தாமஸின் நினைவும் அதில் இருக்கிறது.

கட்டுப்பாட்டுக் கோபுரம் 2018 முதல் காபிக் கடையும் சிறு கண்காட்சியும் கொண்ட பொதுக்கட்டடம். ஏவுகணைக் கொட்டகைகள் ஆறும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். 'ஸ்டார் வார்ஸ்' படப்பிடிப்புகூட அங்கே நடந்திருக்கிறது. அவற்றைச் சுற்றி மட்டும் பழைய வேலி இன்னும் நிற்கிறது. மற்ற இடமெல்லாம் திறந்த வெளி. விமானம் ஓடிய சரளையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிடுகிறது. கோடை அந்தியில் பக்கி கத்துகிறது. ஹெதர் பூத்த புதர்களுக்கு நடுவே துருப்பிடித்த தீயணைப்புக் குழாய்கள் ஆங்காங்கே தலைநீட்டி நிற்கின்றன. உரிமைக்காரர்களின் மாடுகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி மேய்கின்றன.

(தொடரும்)