லானார்க்சயர் பால் சோதனை

லானார்க்சயர் பால் சோதனை என்பது 1930ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் லானார்க்சயர் பகுதிப் பள்ளிகளில் நடத்தப்பட்ட ஊட்டச்சத்து ஆய்வாகும். பள்ளியில் தினமும் பால் கொடுத்தால் குழந்தைகளின் வளர்ச்சி கூடுமா என்று அறிவதே இதன் நோக்கம். கல்வியிலும் மருத்துவத்திலும் குலுக்கல் முறைச் சோதனைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இது இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

சோதனை நடந்த விதம்

67 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 20,000 குழந்தைகள் இதில் பங்கேற்றனர். 10,000 பேருக்கு நான்கு மாதங்கள் தினமும் முக்கால் பைண்ட் (சுமார் 425 மில்லிலிட்டர்) பால் தரப்பட்டது. அவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சாத பால், மீதிப் பேருக்குப் பாஸ்டர் முறையில் பதப்படுத்திய பால். மற்ற 10,000 பேருக்குப் பால் இல்லை. பிப்ரவரியிலும் ஜூனிலும் எல்லோருடைய உயரமும் எடையும் அளக்கப்பட்டன.

குழந்தைகள் சீட்டுக் குலுக்கியோ பெயர்களின் அகரவரிசைப்படியோ பிரிக்கப்பட்டனர். ஆனால் ஒரு பிரிவில் நன்கு வளர்ந்தவர்களோ மெலிந்தவர்களோ மிகுதியாக இருந்தால், ஆட்களை மாற்றிச் சமப்படுத்தலாம் என்ற அனுமதியும் இருந்தது. பால் குடித்தவர்கள் கூடுதலாக வளர்ந்ததாக அறிக்கை கூறியது.

ஸ்டூடன்டின் திறனாய்வு

டப்ளின் நகரில் கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர். டி-சோதனை இவர் தந்ததே. 1931இல் 'பயோமெட்ரிக்கா' இதழில் இவர் இந்த ஆய்வின் குறைகளைக் காட்டினார். பால் பெறாத குழந்தைகள் தொடக்கத்திலேயே சற்று உயரமாகவும் எடை கூடியும் இருந்தனர். ஏழைக் குழந்தைகள் மீது இரக்கம் கொண்ட ஆசிரியர்கள், தம்மை அறியாமலேயே அவர்களைப் பால் பிரிவில் சேர்த்திருக்கலாம் என்று அவர் கருதினார்.

குழந்தைகளை உடையோடு எடை பார்த்ததும் சிக்கலாயிற்று. வசதியுள்ளவர்கள் குளிர்கால உடையைக் களைந்து கோடையில் மெல்லிய உடை அணிவார்கள். அதனால் அவர்களின் எடை ஏற்றம் குறைவாகத் தெரியும். மாற்றுடை இல்லாத ஏழைகளுக்கு அந்தக் குறைவு நேராது. மேலும், எந்தப் பள்ளியிலும் இருவகைப் பாலும் சேர்த்துக் கொடுக்கப்படாததால், அவற்றை ஒப்பிடவும் வழியில்லை.

ஒத்த இரட்டையர் 50 இணைகளை எடுத்து, யாருக்கு எந்த வகைப் பால் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்திருந்தால், மிகக் குறைந்த செலவில் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்றார் அவர்.

பிந்தைய மாற்றம்

1948இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்ச் சோதனையில் 107 நோயாளிகளே இருந்தனர். யாருக்கு மருந்து என்பது சமவாய்ப்பு எண்களால் முடிவாகி, ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்க்கும்வரை மருத்துவருக்கு அது தெரியாது. ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர்.

லானார்க்சயர் சோதனையால் பால் பயனற்றது என்று ஆகிவிடவில்லை. பால் எவ்வளவு பயன் தந்தது என்று சொல்லும் தகுதியைத்தான் அது இழந்தது. பசித்த குழந்தைக்குப் பால் கொடுக்க நினைப்பது ஆசிரியருக்கு இயல்பே. அந்த இரக்கம் குலுக்கலில் நுழையாதபடி காப்பது, சோதனையை வகுப்பவரின் பொறுப்பு. எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும், பிரித்த விதத்தில் நேர்ந்த பிழையை எண்ணிக்கை சரிசெய்யாது.