மதிலுக்குள் நின்ற லாரி: அரண் அதிகாரத்துக்கு ஒரு புது உரை

சுந்தரபாண்டியத்தில் கண்மாய்க்கரையில் மேற்கே பார்த்து நின்றால் 742ஆம் குறளுக்கு உரையே வேண்டாம். முன்னால் தண்ணீர், அதைத் தாண்டி நிலம், அப்புறம் காடு, அதற்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலை. அரணுக்கு வேண்டும் என்று வள்ளுவர் எண்ணிச் சொன்ன நாலும் ஒரே பார்வையில் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இந்த அதிகாரத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. மறுபடி எடுத்துப் படிக்க வைத்தது 2025 ஜூன் 1.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ரஷ்யாவுக்குள் வெகு ஆழத்தில் இருக்கும் பெலாயா, ஒலென்யா, டியாகிலெவோ, இவானோவோ ஆகிய விமானப்படைத் தளங்களை உக்ரைனின் ட்ரோன்கள் தாக்கின. பெலாயா சைபீரியாவில், இர்கூட்ஸ்க் பக்கம் இருக்கிறது. உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்தச் சின்ன ட்ரோன்கள் அவ்வளவு தூரம் பறக்கவில்லை. மரத்தாலான சிறு வீடுகள் மாதிரி செய்து, கூரைக்கடியில் அவற்றை ஒளித்து, லாரியில் ஏற்றித் தளங்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். நேரம் வந்ததும் தொலைவிலிருந்தே கூரையைத் திறந்தார்கள். மொத்தம் 117 ட்ரோன்கள், ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஏற்பாடு என்று உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி சொன்னார். அவர்கள் வைத்த பெயர் 'சிலந்தி வலை'. போரில் யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே நான் எடுக்கவில்லை. அரண் எது என்பதுதான் இந்த அதிகாரத்தின் பேச்சு.

741. படையெடுத்துப் போகிறவனுக்கும் அரண் வேண்டும், அஞ்சி ஒதுங்கியிருக்கிறவனுக்கும் வேண்டும் என்கிறது முதல் குறள். கோட்டை என்றால் ஒளிகிறவனுக்குத்தானே, அடிக்கப் போகிறவனுக்கு எதற்கு என்று பள்ளியில் நினைத்ததுண்டு. விடை இந்தத் தளங்களில் கிடக்கிறது. டியூ-95, டியூ-22எம்3 குண்டுவீச்சு விமானங்கள் எழும்பிப் போய், உக்ரைன் நகரங்கள்மேல் ஏவுகணை விட்டுவிட்டு, திரும்பி வந்து இறங்கும் கூடு அது. அடிக்கப் போகிறவனும் திரும்பி வந்து தூங்கியாக வேண்டுமே.

742. நீர், வெறுநிலம், மலை, காடு. 'மண்' என்ற இடத்தில் நீரும் நிழலும் இல்லாத நிலம் என்று பொருள் கொள்கிறார் உரைகாரர் பரிமேலழகர். கடந்து வருகிற படை அதிலேயே நாவறண்டு சாக வேண்டும் என்பது கணக்கு. ரஷ்யாவுக்கு அந்த வெறுநிலமாக இருந்தது தொலைவு. நெப்போலியனுக்கும் ஹிட்லருக்கும் எதிராக அது வேலை செய்தது. அதனால்தான் விமானங்களைக் கிழக்கே கிழக்கே தள்ளி நிறுத்தினார்கள். ஆனால் பத்துக் குறளையும் புரட்டிப் பார்த்தேன். தொலைவை அரண் என்று வள்ளுவர் ஓரிடத்திலும் எண்ணவில்லை.

743. உயரம், அகலம், திண்மை, நெருங்க முடியாத அருமை. உயரம் என்றால் ஏணிக்கு எட்டாதது; அகலம் என்றால் அடியில் தோண்ட முடியாததும் தலையில் நின்று போரிடத் தக்கதும்; அருமை என்றால் மதில்மேல் வைத்த பொறிகளால் வருவது என்று உரைகாரர் பிரித்துச் சொல்கிறார். ஏணியை வைத்து உயரத்தை அளந்த காலம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் 192 அடி. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். எங்கள் பக்கம் வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் நினைத்தால் கோபுரத்தின் இரட்டை உயரத்துக்குப் போய்விடும். இதே கணக்கில் இராஜபாளையம் நாயையும் சேர்க்கலாம். கேட்டுக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் விடாது, சுவர் ஏறினால் காலைப் பிடிக்கும், தலைக்கு மேலே பருந்து வட்டமடித்தால் மட்டும் நிமிர்ந்து பார்க்காது.

திண்மைக்கு ஒரு துணைச்செய்தி. 2023இல் ரஷ்யர்கள் குண்டுவீச்சு விமானங்களின் இறக்கைமேல் பழைய டயர்களை அடுக்கி வைத்தார்கள். செயற்கைக்கோள் படங்களில் அது தெரிந்தது. படத்தை ஒப்பிட்டு இலக்கைக் கண்டுபிடிக்கும் ஏவுகணையைக் குழப்புவதற்கு என்று விளக்கம் சொன்னார்கள். கட்டுகிற வீட்டு முகப்பில் பூசணிக்காய் பொம்மை கட்டுகிற ஊர்க்காரனுக்கு அதைப் பார்த்துச் சிரிக்க உரிமை இல்லை.

744. இந்தக் குறளிடம்தான் எனக்கு அதிக நேரம் போயிற்று. காக்க வேண்டிய இடம் சிறியதாகவும் உள்ளிடம் பெரியதாகவும் இருந்து, வந்த பகைவனின் ஊக்கத்தையே கெடுப்பது அரண் என்கிறது. காவலுக்குச் சிக்கனம், வாழ்வதற்குத் தாராளம். உலகத்திலேயே பெரிய நாடு ரஷ்யா, உள்ளிடத்துக்குக் குறைவில்லை. எல்லையையும் தலைநகரையும் முக்கியமான சில ஊர்களையும் காத்தால் போதும், மற்றதைத் தூரம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்த வரைக்கும் அது வள்ளுவர் சொன்ன சிறுகாப்புதான். ஜூன் 1 பிற்பகல் அதைத் தலைகீழாக்கியது. தாக்குதல் முடிந்ததும் ரஷ்ய நெடுஞ்சாலைகளில் லாரிகளை நிறுத்திச் சோதித்தார்கள். வண்டிகள் வரிசைகட்டி நின்றன. இப்போது ஒவ்வொரு லாரியும், ஒவ்வொரு கிட்டங்கியும், ஒவ்வொரு மரவீடும் காக்க வேண்டிய வாசல்.

எத்தனை விமானம் அழிந்தது என்பதில் இரு பேச்சு. 41 விமானங்கள் அடிபட்டன என்றது உக்ரைன். 20 அளவில் அடிபட்டன, 10 அளவில் அழிந்தன என்பது அமெரிக்க அதிகாரிகளின் கணிப்பு. சின்னக் கணக்கையே எடுத்தாலும் அது பெரிய இழப்பு; டியூ-95ஐயும் டியூ-22எம்3ஐயும் இப்போது யாரும் புதிதாகக் கட்டுவதில்லை. ஆனால் குறளின் கண்ணால் பார்த்தால், எரிந்த விமானத்தைவிடச் சிறுகாப்பு பெருங்காப்பாக ஆனதுதான் கனத்த நட்டம்.

745, 746. உள்ளே உணவு இருக்க வேண்டும், வேண்டிய பொருளும் நல்ல வீரரும் இருக்க வேண்டும். இதில் ஒன்றே ஒன்று. கோட்டைக்குள் சேர்த்துவைத்த கூழை இந்த முறை பகைவன் குடித்தான். ரஷ்யாவின் சாலை, ரஷ்யாவின் லாரி, ட்ரோனை இயக்கும் சைகைக்கு ரஷ்யாவின் செல்போன் கோபுரம். முற்றுகையிட்டவன் கோட்டைக் களஞ்சியத்திலேயே சாப்பிட்டான் என்று எந்தப் பழைய பரணிக்காரனும் பாடியதாக எனக்கு நினைவில்லை.

747. அரண் விழுவதற்கு மூன்று வழி. சுற்றி வளைப்பது, வளைக்காமல் ஒருமுகமாகப் பாய்ந்து அடிப்பது, உள்ளே இருப்பவரைக் கொண்டு திறக்க வைப்பது. மூன்றாவதற்கு வள்ளுவர் வைத்த சொல் அறைப்படுத்துதல். 'கீழறுத்து' என்று விரிக்கிறார் பரிமேலழகர். இன்று பத்திரிகையில் நாசவேலை என்று எழுதுகிறோம். கீழறுத்தல் அதைவிடச் சரியான சொல் என்பது என் கட்சி. வேரை அறுக்கிறவன் மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பான்.

தமிழர்கள் பேசுகிற வரலாற்றில் விமானத் தளங்கள் இரண்டாம் வழியில் தாக்கப்பட்டிருக்கின்றன. 2001 ஜூலை 24 அதிகாலையில் விடுதலைப் புலிகளின் தற்கொலைப் படையினர் கட்டுநாயக்கத் தளத்துக்குள் புகுந்தார்கள். விமானப்படை விமானங்களோடு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ்களும் எரிந்தன. 2007 அக்டோபர் 22 அன்று அனுராதபுரத்தில் தரையில் 21 பேர், வானில் அவர்களுடைய சிறு விமானங்கள். தரைவழியே போனவர்கள் திரும்பவில்லை. வாசலில் உயிரைக் கொடுத்துத்தான் உள்ளே நுழைய முடிந்தது என்பது அந்தக் காலத்து விலை. உள்ளே யாரும் போகாமலே தாக்குவது இந்தியாவுக்கு 2021 ஜூன் 27 நள்ளிரவுக்குப் பிறகு தெரியவந்தது. ஜம்மு விமானப்படைத் தளத்தில் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு ட்ரோன்கள் குண்டு போட்டன. ஒரு கட்டடத்தின் கூரை உடைந்தது, இருவருக்கு லேசான காயம், விமானங்களுக்கு ஒன்றுமில்லை. நாட்டில் படைத்தளம் ஒன்றின்மேல் ட்ரோனால் நடந்த முதல் தாக்குதல் அது. ஆனால் ஜம்மு எல்லைக்குப் பக்கம். சிலந்தி வலையில் எல்லை என்பதே கணக்கில் வரவில்லை.

அப்படியானால் இது மூன்றாம் வழியா? இங்கேதான் உரை சிக்குகிறது. அறைப்படுத்துதல் என்றால் நம்பப்பட்டவன் துரோகம் செய்ய வேண்டும். அந்த லாரி ஓட்டுநர்களுக்குத் தாங்கள் ஏற்றிப்போவது என்ன என்றே தெரியாது என்றுதான் அப்போது செய்தி வந்தது. சிவகாசி ரோட்டில் நிற்கிற எந்த டிரைவரையும் கேட்டுப் பாருங்கள். "என்ன லோடு அண்ணாச்சி?" என்றால், "பில்லுல அட்டைப்பெட்டின்னு போட்டிருக்கு" என்பார். தார்ப்பாயை அவிழ்த்துப் பார்ப்பது அவர் வேலை இல்லை. கட்டு பிரியாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. துரோகி இல்லாத துரோகத்துக்குத் தமிழில் சொல் தேடினேன், அகப்படவில்லை. வளைத்தலும் இல்லை, பாய்தலும் பாதிதான், கீழறுத்தலிலும் அறுத்த கைக்குத் தான் அறுப்பது தெரியாது. மூன்றையும் முறுக்கி நாலாவது ஒன்று செய்திருக்கிறார்கள். இரண்டே வாரத்துக்குள், ஜூன் 13 அன்று, ஈரானுக்குள் முன்பே கடத்தி வைத்த ட்ரோன்களைக் கொண்டு இஸ்ரேலும் இதன் சாயலில் ஒன்றைச் செய்தது.

748, 749. முற்றுகையிட்டவரையும் உள்ளிருந்தே வெல்வது, போர் தொடங்கும் முகத்திலேயே பகைவர் சாய உள்ளிருப்போர் வினை செய்வது. கடந்து போகலாம், அன்று முனைமுகம் எது என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தபோது கூரைகள் திறந்தாயிற்று.

750. எவ்வளவு மாட்சி இருந்தாலும் வினைமாட்சி இல்லாதவரிடம் அரண் இருந்தும் இல்லாததே என்று முடிக்கிறார். இதை ரஷ்யக் காவலர்மேல் ஏற்றிப் பேசுவது எளிது. நான் செய்ய மாட்டேன். 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் மரவீடு ஏற்றி நிற்கும் லாரியைச் சந்தேகிக்க எந்தக் காவலருக்கும் அதுவரை காரணம் இருந்ததில்லை. வினை என்பதற்கு உரைகாரர்கள் போர்த்தொழிலைப் பொருளாகக் கொள்கிறார்கள். இன்று அந்தச் சொல்லுக்குள் சுங்கச்சாவடிக்காரர், கிட்டங்கி வாடகைக்கு விடுகிறவர், செல்போன் சிம் விற்கிற கடைக்காரர், லோடுக்குப் பில் போடுகிற கணக்குப்பிள்ளை எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் தாங்கள் மதில்மேல் நிற்பது தெரியாது.