கட்டணம் முந்தும், உதவி பிந்தும்: இந்திய உயர்கல்வியில் பெற்றோர் சுமக்கும் இடைவெளி

2024 ஜூன் 24, மாலை 5 மணி. தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் ஒதுக்கப்பெற்ற உத்தரப் பிரதேசத் தலித் மாணவர் ஒருவர், 17,500 ரூபாய் செலுத்தி அந்த இடத்தை ஏற்க வேண்டிய இறுதி நேரம் அது. தந்தை தினக்கூலித் தொழிலாளி. நாளொன்றுக்கு 450 ரூபாய் ஈட்டுபவர் என்று பின்னர் உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 17,500 ரூபாய் என்பது ஏறத்தாழ 39 நாள் உழைப்பு. அதைத் திரட்டக் கிடைத்த அவகாசமோ நான்கு நாள். ஊராரிடம் கேட்டுப் பணம் சேர்ந்தபோது மணி 4.45. இணையதளத்தில் விவரங்களைப் பதிவுசெய்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இடம் பறிபோயிற்று.

இந்நிகழ்வில் பலரும் கவனிக்கத் தவறிய ஒரு முரண் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி.களில் கல்விக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி. 2016இல் ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தப்பட்டபோதும் அந்தச் சலுகை தொடர்ந்தது. ஆக, அந்த மாணவரைத் தடுத்தது கல்விக் கட்டணம் அன்று. சலுகை நடைமுறைக்கு வருமுன் கையில் இருந்தாக வேண்டிய முன்பணமே அவரைத் தடுத்தது.

இந்தியாவில் உயர்கல்விச் செலவின் வரலாறு பெரும்பாலும் தொகைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எவ்வளவு கட்டணம், எவ்வளவு உதவித்தொகை, யார் தந்தார்கள் என்பனவே அதன் வினாக்கள். அந்த வரலாற்றில் தேதிகளுக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும். கட்டணம் கேட்கப்படும் நாளுக்கும் உதவி வந்து சேரும் நாளுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருந்துவந்திருக்கிறது. அதை நிரப்பியது பெரும்பாலும் குடும்பமே.

1888ஆம் ஆண்டின் குஜராத்திலிருந்து தொடங்கலாம். பாவ்நகர் சாமல்தாஸ் கல்லூரியில் ஒரு பருவம் பயின்று, பாடங்கள் பிடிபடாமல் வீடு திரும்பியிருந்தார் மோகன்தாஸ் காந்தி. தந்தை இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. குடும்ப நண்பர் மாவ்ஜி தவே கூறிய அறிவுரையில் இன்றைய பெற்றோர் போடும் அதே கணக்கைக் காணலாம். பி.ஏ. முடிக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதன்பின் கிடைப்பது 60 ரூபாய் வேலை. லண்டனில் பாரிஸ்டர் பட்டத்துக்கோ மூன்றாண்டுகள் போதும். செலவு நான்காயிரம், ஐயாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். போர்பந்தர் சமஸ்தானத்தின் உதவியை நாடியபோது, நிர்வாகியாக இருந்த லீலி, முதலில் பி.ஏ. முடித்துவரும்படி கூறி அனுப்பிவிட்டார். மனைவியின் நகைகளை விற்பதைப் பற்றியும் காந்தி எண்ணினார். முடிவில் எப்படியேனும் பணம் தேடித் தருவதாக அண்ணன் பொறுப்பேற்றார்.

அண்ணன் திரட்டிய பணம் பம்பாயில் ஓர் உறவினரிடம் இருந்தது. அதற்குள் மோத் வணிகச் சாதிச் சபை கூடிக் கடல் கடக்கத் தடை விதித்தது. காந்தியைச் சாதியிலிருந்து விலக்கியதோடு, அவருக்கு உதவுவோருக்கும் வழியனுப்புவோருக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. சாதிக்கு அஞ்சிய உறவினர் பணத்தைத் தர மறுத்தார். கப்பல் புறப்படும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றொரு குடும்ப நண்பர், பிறகு அண்ணனிடம் பெற்றுக்கொள்ளும் உறுதியின்பேரில் கைமாற்றுக் கொடுத்ததால்தான் செப்டம்பர் 4 அன்று காந்தி கப்பலேற முடிந்தது. திவான் பதவி வகித்த குடும்பத்துக்கே கப்பலுக்கு முந்தைய வாரம் இவ்வாறு கழிந்தது. நம்பிக் கைமாற்றுத் தரும் நண்பர் வட்டம் என்ற செல்வம் அக்குடும்பத்துக்கு இருந்தது.

அந்தச் செல்வம் இல்லாத குடும்பத்தின் கதை அம்பேத்கருடையது. பம்பாய்ப் பரேல் பகுதியின் ஒற்றை அறைக் குடியிருப்பில், இரவு இரண்டு மணிவரை தாம் விழித்திருந்து மகனைப் படிக்க எழுப்பிவிடுவார் ராம்ஜி சக்பால். புத்தகம் வேண்டுமென்று மகன் கேட்டால் மணமாகிச் சென்ற மகள்களின் வீட்டுக்கு நடப்பார், கடன் கேட்பார், ரொக்கம் இல்லையெனில் நகையை வாங்கி அடகு வைப்பார். ராணுவ ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். ஓய்வூதியம் வரும் தேதிக்கும் புத்தகம் தேவைப்படும் தேதிக்கும் இடையிலான வாரங்களைச் சகோதரிகளின் நகைகள் தாங்கின.

ராம்ஜியின் வசதி தீர்ந்த இடத்தில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவி வந்தது. கல்லூரிப் படிப்புக்கு மாதம் 25 ரூபாய். 1913இல் கொலம்பியாவுக்குச் செல்ல மாதம் 11.5 பவுண்டு, மூன்றாண்டுகளுக்கு. கைம்மாறாகப் பத்தாண்டுகள் பரோடாவில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். உதவிக்காலம் முடிந்ததும் 1917இல் லண்டன் ஆய்வைப் பாதியில் விட்டு அவர் திரும்ப நேர்ந்தது. சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியராகச் சேர்த்த சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகாராஜரின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல்தான் அப்படிப்பைத் தொடர முடிந்தது.

வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் உறுப்பினராக 1942இல் அம்பேத்கர் அளித்த கோரிக்கை மனுவில் பட்டியல் சாதி மாணவர்க்கான கல்வி உதவி இடம்பெற்றதை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். 1944இல் தொடங்கப்பட்ட மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை, மன்னரின் கருணையை அரசின் கடமையாக மாற்றியது. விடுதலைக்குப் பின் அரசுக் கல்லூரிகளின் குறைந்த கட்டணமும் அதனுடன் சேர்ந்துகொள்ள, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் உருவாயினர்.

ஆனால் தேதிகளின் சிக்கல் தீரவில்லை. மத்திய, மாநில அரசுகளுக்கிடையிலான செலவுப் பங்கீடு இழுபறியானபோதெல்லாம் உதவித்தொகை தாமதமாயிற்று. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து 60:40 என்ற பங்கீட்டை வகுத்தது. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே செல்லும் என்பது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் கல்லூரி கேட்கும் நாளில் அது கணக்கில் இருக்குமா என்ற கவலை மாணவர் வீட்டில்தான் தங்குகிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு இணைப்பு என ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் ஒரு நாள் கூலியை இழக்கின்றனர். அந்த இழப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் பதிவாவதில்லை.

தனியார் கல்லூரிகள் பெருகியபின் சுமையின் அளவும் மாறியது. 1993இன் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு தொழிற்கல்வி இடங்களை இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது. அந்த ஏற்பாட்டை 2002இன் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு நீக்கியது. இவ்விரண்டுக்கும் இடையில், 2001இல், வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் வரை பிணை வேண்டாம். அதற்குமேல் பிணையோ மூன்றாம் நபர் உத்தரவாதமோ வேண்டும். ஆயினும் எல்லாக் கடனிலும் பெற்றோர் உடன்கடனாளியாகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. கடனாகத் தரும் கல்வி உதவி புதிதன்று, ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892இலேயே அதைத் தொடங்கிவிட்டது. அது தேர்ந்தெடுத்த சிலருக்கான ஏற்பாடு. 2001க்குப் பின் கடன் என்பது நடுத்தர, ஏழைக் குடும்பங்களின் இயல்பான வழியாயிற்று. அண்ணனின் வாக்குறுதியும் சகோதரியின் நகையும் இருந்த இடத்துக்கு வங்கிப் பத்திரம் வந்தது. கையெழுத்து மட்டும் அதே குடும்பத்தினுடையது.

பிணையும் உத்தரவாதமும் இன்றிக் கடன் வழங்கும் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தரவரிசையில் முன்னணியிலுள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தும். அந்த வரம்புக்குள்ளும் ஒரு வினா எஞ்சுகிறது: இடம் ஒதுக்கப்பட்டதற்கும் அதை ஏற்பதற்கும் இடையிலுள்ள சில நாட்களுக்குள் எந்தக் கடன், எந்த உதவித்தொகை கைக்கு வந்து சேரும்? சேர்க்கை முன்பணத்தை முதல் உதவித்தொகைத் தவணை வரும்வரை ஒத்திவைக்கும் எளிய விதி ஒன்று, பெருந்திட்டங்கள் பலவற்றைவிட அதிகப் பயன் தரக்கூடும்.

தன்பாத் மாணவர் பட்டியல் சாதியினர் ஆணையத்தையும், ஜார்க்கண்டிலும் சென்னையிலும் சட்டத்தின் கதவுகளையும் தட்டிவிட்டே உச்ச நீதிமன்றத்தை அடைந்தார். அவ்வாண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் வழக்கு தமிழ்நாட்டையும் தொட்டுச் சென்றது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, வேறெந்த மாணவரின் இடமும் பாதிக்கப்படாதவாறு கூடுதல் இடம் உருவாக்கி அவரைச் சேர்க்குமாறு ஆணையிட்டது. ஜூன் 24க்கும் செப்டம்பர் 30க்கும் இடையே 98 நாள். சில நிமிடத் தாமதத்தைச் சரிசெய்ய நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. அதுவரை அந்த 98 நாளையும் தாங்கியது 450 ரூபாய்க் கூலியில் வாழும் ஒரு குடும்பம்.